குழுவை விட்டு ஒரு நாள்: கொச்சிக்குச் சைக்கிளில் வரும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் கொச்சிக்கு மிதித்து வரும் சைக்கிள் குழுத் தோழர்களே, தோழியரே,

நீங்கள் வந்துவிட்டதை மட்டாஞ்சேரியில் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே நிறச் சட்டையில் பத்துப் பதினைந்து பேர் பஜார் ரோட்டில் வரிசை கட்டி வருவீர்கள். பின்னாலேயே விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஓர் இன்னோவா வரும். சீனவலைக்கு முன்னால் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரு படம், காயீஸ் ஹோட்டலில் பிரியாணி, விடுதியில் உறக்கம். மறுநாள் விடியுமுன் பாதிப் பேர் வந்த வழியே பாலக்காட்டுக் கணவாய்க்குத் திரும்பிவிடுவீர்கள். மீதிப் பேர் 66ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரி நோக்கிப் போய்விடுவீர்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். அடுத்த முறை வரும்போது ஒரு நாளை மட்டும் குழுவிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். அன்று மட்டாஞ்சேரியிலிருந்து ஆலப்புழை வரை கடலோரச் சின்னச் சாலையில் ஆளாளுக்குத் தனியாக ஓட்டுங்கள். சுமார் 60 கிலோமீட்டர்தான். உங்களில் பலருக்கு அது காலைப் பலகாரத்துக்கு முன்பே முடிந்துவிடுகிற தூரம். அதற்கு முழு நாளையும் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்கள் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. ப்ரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவருக்கு 200 கிலோமீட்டர் என்றால் பதின்மூன்றரை மணி நேரம். 300 என்றால் 20 மணி. 600 என்றால் 40 மணி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரீஸ்–ப்ரெஸ்ட்–பாரீஸில் 1200 கிலோமீட்டரை 90 மணிக்குள் முடித்தாக வேண்டும். தூக்கத்தை விரட்டிக்கொண்டு இரவெல்லாம் மிதிப்பது சாதாரணக் காரியமில்லை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னொரு சாதனையாளரும் நினைவிருக்கிறார். ஊர்ப் பொட்டலில் கம்பம் நட்டு, ட்யூப்லைட் கட்டி, ரேடியோ செட் அலற, கால் தரையில் படாமல் நாள்கணக்கில் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பார். குளியலும் சாப்பாடும் சைக்கிளிலேயே. கேரளத்தில் இதைச் சைக்கிள் யக்ஞம் என்பார்கள். அவர் மிதித்ததைக் கூட்டினால் எத்தனையோ ஊருக்கான தூரம் தேறும். பார்த்தது மட்டும் அந்த ஒரு பொட்டல்தான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை மட்டுமே பார்த்தபடி கோவையிலிருந்து கொச்சி வந்து சேருகிறவரைக் காணும்போது எனக்கு அந்த மனிதர் ஞாபகம் வந்துவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் தனியாக என்று கேட்பீர்கள். குழுவாக வந்தால் ஊர் வேடிக்கை பார்க்கும், தனியாக வந்தால் ஊர் பேசும். டீக்கடையில் பன்னிரண்டு பேர் இறங்கினால் கடைக்காரருக்குக் கை ஓயாது. நீங்களும் உங்களுக்குள்ளேயே சராசரி வேகத்தைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். ஒற்றை ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் கதையே வேறு. முதலில் ‘எவிடெந்நா?’ என்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னதும் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வந்த கதை வரும். அடுத்தது சாப்பிட்டாயா என்ற கேள்வி. அதற்கும் அடுத்ததாக, கொஞ்சம் குரல் தாழ்ந்து, ஒற்றைக்கா, அதாவது தனியாகவா, என்பார்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலில் உங்கள் குடும்பக் கதை பாதி வெளியே வந்துவிடும், அவர்களுடையதும் வரும்.

இந்தச் சாலைகளில் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் யார் என்றும் பாருங்கள். பைக்கும் காரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட கேரளத்தில் மிச்சமிருக்கும் சைக்கிள்காரர்கள் குறைவு: லாட்டரிச் சீட்டுக் கட்டோடு காலையில் கிளம்பும் பெரியவர், கள் இறக்கப் போகிறவர், பிறகு வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்து சாரம் கட்டியும் கலவை சுமந்தும் பிழைக்கிற இளைஞர்கள். தனியாகப் போனால் சிக்னலிலோ பாலத்தின் ஏற்றத்திலோ அந்த இளைஞர்களில் ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து, சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு இந்தியில் விலை கேட்பார். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். அவருடைய பல மாதக் கூலி அது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மட்டாஞ்சேரியை நீங்கள் பார்த்ததாக நினைக்கிறீர்கள். 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம், அதன் மணிக்கூண்டு, 1555 வாக்கில் போர்ச்சுக்கீசியர் கட்டிக்கொடுத்து டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிய மாளிகை, யூதத் தெருவின் பழம்பொருள் கடைகள் எல்லாம் பயண வழிகாட்டியிலேயே இருக்கின்றன. நான் சொல்வது காலை ஆறு மணி பஜார் ரோடு. கிடங்குகளின் மரக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். சுக்கும் மிளகும் வற்றல் மிளகாயும் கலந்த காரம் மூக்கில் ஏறித் தும்மல் போடாமல் அந்தத் தெருவைத் தாண்ட முடியாது. இந்தியாவின் மிளகு முன்பேர வணிகம் 1957இல் தொடங்கியது இந்தத் தெருக்களில்தான். இப்போது வியாபாரம் கணினிக்குப் போய்விட்டது, வாசனை மட்டும் எங்கும் போகவில்லை.

கிளம்புமுன் வேளிப் பக்கம் ஒரு சுற்று போய்வாருங்கள். கோட்டைக் கொச்சியின் தோபிக்கானா அங்கேதான். அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழர்கள், வண்ணார் சமூகத்தார். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்வார்கள். வரிசையாகத் தொட்டிகள், துவைகல், பிறகு கொடிகள். கொடியில் ஒரு கிளிப் கிடையாது. இரண்டு புரிக் கயிற்றின் முறுக்கைக் கட்டை விரலால் சற்றே பிரித்துத் துணியின் முனையை உள்ளே செருகுவார்கள். கையை எடுத்ததும் கயிறே அதைக் கவ்விக்கொள்ளும். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் வேட்டி பறக்காது. உள்ளே போனால் கரி போட்ட பித்தளைப் பெட்டியால் கஞ்சி மொடமொடக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழில் பேசிப் பாருங்கள். எந்த ஊர்த் தமிழ் என்று உங்களால் சட்டென்று சொல்ல முடியாத ஒரு தமிழில் பதில் வரும். ஒரே நிறச் சட்டையில் பதினைந்து பேராக நுழைந்தால் அது காட்சிசாலை ஆகிவிடும். தனியாகப் போனால் அது வேலை நடக்கும் இடம், நீங்கள் வந்த விருந்தாளி.

இனி வழி. தோப்பும்படி வந்து பள்ளுருத்தி. அங்கிருந்து இடக்கொச்சி, அரூர் என்று நெடுஞ்சாலைக்குப் போகிற பாதையை விட்டுவிட்டுப் பெரும்படப்பு வழியாகக் கும்பளங்கிக்குப் பிரியுங்கள். 66ஆம் எண் சாலையை ஆறு வழியாக்கும் வேலையில் அரூர் முதல் துறவூர் வரை 12.75 கிலோமீட்டருக்கு மேம்பாலம். வேலை நடக்கும் நாளில் கீழே மிஞ்சிய சந்தில் லாரியும் தூசியும் பள்ளமும்தான். சைக்கிளுக்கு அங்கே வேலை இல்லை. உங்களில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு அதில் போகிறீர்கள். எதற்காக என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கும்பளங்கி என்றதும் 2019இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம் நினைவுக்கு வரும். அந்தப் படத்துக்கு முன்பே ஊர் மாதிரிச் சுற்றுலாக் கிராமமாகப் பெயர் வாங்கியாயிற்று. 2022 ஜனவரியில் இன்னொரு பெயரும் வந்தது. பெண்களுக்கு மாதவிலக்குக் கிண்ணங்களைக் கொடுத்துப் பழக்கி, நாப்கின் இல்லாத முதல் ஊராட்சி என்று அறிவித்துக்கொண்டது. நாளெல்லாம் சேணத்தில் உட்காருகிற தோழியர் இதைப் பற்றி இந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டால் மருத்துவர் சொல்லாததும் தெரியவரும்.

கும்பளங்கியிலிருந்து கண்டக்கடவுக்குப் போகும்போது இருபுறமும் நீர் தட்டுப்படும். அது குளமல்ல, பொக்காளி வயல். இந்த 60 கிலோமீட்டரில் நான் உங்களைக் கட்டாயம் இறங்கச் சொல்கிற இடம் இதுதான். கடல் ஏறி இறங்கும்போது உப்புநீர் புகுந்து வெளியேறும் தாழ்ந்த நிலம் இது. சாதாரண நெல் இங்கே கருகிப்போகும். ஜூனில் மழை கொட்டி உப்பைக் கழுவிக்கொண்டு போனதும், வயலுக்குள் குவித்து வைத்த மண்மேடுகளில் விதைப்பார்கள். நாற்று எழும்பியதும் மேட்டை வெட்டி, மண்ணோடும் நாற்றோடும் நாலாபுறமும் பரப்பிவிடுவார்கள். உரம் கிடையாது, மருந்து கிடையாது. தண்ணீர் ஏற ஏறப் பயிரும் போட்டி போட்டுக்கொண்டு ஆளுயரம் வளரும். ஐப்பசி வாக்கில் இடுப்பளவு நீரில் நின்று பெண்கள் கதிரை மட்டும் அறுத்தெடுப்பார்கள். தாள் அங்கேயே நின்று அழுகும். அதன் பிறகு வயலுக்குள் கடல்நீரை விடுவார்கள், அதோடு இறால் குஞ்சுகளும் வரும். அழுகிய தாள்தான் அவற்றுக்குத் தீனி. ஏப்ரல் வரை அதே வயலில் இறால். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தூம்பின் வாயில் விளக்கைத் தொங்கவிட்டு வலையைக் கட்டி வைப்பார்கள். நீர் வடியும்போது இறால் வெளிச்சத்தைத் தேடி வந்து வலையில் விழும். 2008இல் இந்த அரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? ஆனால் நெல்லில் காசு இல்லை, இறாலில் இருக்கிறது. ஆண்டு முழுதும் உப்புநீரைத் தேக்கி இறாலே வளர்த்தால் என்ன என்று ஒரு சாரார். ஒரு நெல், ஒரு மீன் என்பதே இந்த மண்ணின் முறை, அதை உடைத்தால் உப்பு வீட்டுக் கிணற்றுக்கும் சுவருக்கும் ஏறும் என்று இன்னொரு சாரார். இந்தச் சண்டை பல ஆண்டுகளாக நடக்கிறது. வயல் வரப்பில் நின்று இரண்டு தரப்பையும் கேட்டிருக்கிறேன். என் சாய்வு நெல் பக்கம்தான், மறைக்கவில்லை. டிசம்பரில் நீங்கள் வந்தால் வயலில் நெல் இருக்காது. வெறும் நீரும் அதன் நடுவே கருத்த தாள்களும் கொக்குகளும்தான். படத்துக்கு எடுபடாது. நின்று யாரிடமாவது கேட்டால்தான் அது வயல் என்றே தெரியும்.

பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்ற கேள்வி உங்கள் நாக்கு நுனியில் நிற்கிறது. இந்த வழியில் ஒரு கோவைத் தம்பிக்கு ஆனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடை என்றால் ஓலைச் சார்ப்பும் ஒரு மர பெஞ்சும். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் வயது. சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை உருவி, கறுத்துப்போன அலுமினியச் சட்டி நீரில் முக்கி, குமிழி வந்த இடத்தைத் தீக்குச்சியால் குத்திக் குறித்துக்கொண்டார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி உலர்த்தி, பழைய ட்யூபில் வெட்டிய வட்டத்தை ஒட்டிச் சுத்தியால் தட்டினார். ஐந்து நிமிடத்தில் வேலை சுத்தம். அப்புறம்தான் வில்லங்கம். அந்தத் தம்பியின் ட்யூபில் இருந்தது ஊசி மாதிரி ஒல்லியான ப்ரெஸ்டா வால்வு. பெரியவரின் பம்பு நம் ஊர் வால் ட்யூப் வால்வுக்கானது, வாய் பிடிக்கவில்லை. தம்பியின் பம்பு எங்கே என்றால் இன்னோவாவில். இன்னோவா எங்கே என்றால் நெடுஞ்சாலையில், சேர்த்தலைப் பக்கம்.

வண்டி சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பெரியவர் அவனுக்குப் பால் சேர்க்காத சுலைமானி டீ வாங்கிக் கொடுத்தார். 28 அங்குலச் சைக்கிளில் பின்னால் மீன்கூடை கட்டிச் சேர்த்தலைச் சந்தைக்குப் போன காலத்தைச் சொன்னார். தம்பியைக் குனியவைத்து முன்சக்கரத்தைச் சுழற்றி, லேசான கோட்டம் இருக்கிறது என்று காட்டி, நாலு கம்பியைத் திருகி எடுத்தும் விட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்தத் தம்பி கொச்சிக்கு வந்து போனதில் ஊரைப் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே பம்பு உங்கள் சட்டத்திலேயே இருக்கட்டும். ப்ரெஸ்டாவை பைக், கார் வால்வாக மாற்றும் பித்தளைத் திருகு ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும், சட்டைப் பையில் கிடக்கட்டும். இந்தக் கடைகளில் 28க்கும் 26க்கும் டயர் உண்டு, 700சி கிடையாது. மாற்று ட்யூபை நீங்களே கொண்டுவர வேண்டும். இப்படித் தன் ஏற்பாட்டைத் தானே செய்துகொண்டு போனவர்கள் உண்டு. டெர்வ்லா மர்ஃபி என்ற அயர்லாந்துப் பெண்மணி 1963 ஜனவரியில் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து தனியாகக் கிளம்பி, ஐரோப்பாவின் பனியும் ஈரானும் ஆப்கானிஸ்தானும் தாண்டி, ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். ஆசியச் சாலையில் நிற்காது என்று சைக்கிளின் கியரையே கிளம்புமுன் கழற்றிவிட்டார். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்னதாகவே அனுப்பி வைத்தார். அவருக்குப் பின்னால் எந்த வண்டியும் வரவில்லை.

கண்டக்கடவில் கடலோரச் சாலை வந்துவிடும். இங்கிருந்து செல்லானம். இங்கே நடந்துகொள்ள வேண்டிய முறை ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2017 ஒக்கிப் புயலிலும் அதற்குப் பின் வந்த மழைக்காலங்களிலும் இந்த ஊர் பட்டபாட்டைக் கேரளமே தொலைக்காட்சியில் பார்த்தது. கடல் சாலையைத் தாண்டி வந்து வீட்டுக்குள் மணலைக் கொட்டிவிட்டுப் போகும். ஆண்டுதோறும் முகாம், ஆண்டுதோறும் திரும்பி வந்து மணல் அள்ளுதல். 344 கோடி ரூபாய்த் திட்டத்தில், செல்லானம் துறைமுகத்திலிருந்து வடக்கே புத்தன்தோடு வரை ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக, டெட்ராபாட் என்கிற நாலு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவர்கள் அதன் பிறகு மழைக்காலத்தில் வீட்டில் தூங்குகிறார்கள். சுவர் நின்றுபோன இடத்துக்கு வடக்கே, கண்ணமாலி, செறியகடவுப் பக்கம், கடல் இன்னும் வேகமாக ஏறியது. எங்களுக்கும் சுவர் எங்கே என்று அந்த மக்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்திருக்கிறார்கள்.

அந்த டெட்ராபாட் மேல் ஏறி நின்று நீங்கள் எடுக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். சுவர்மேல் நடப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள், மாலையில் ஊர்க்காரர்களே நடக்கிறார்கள். ஆனால் இடிந்த வீட்டைப் பின்னணியாக வைத்து ட்ரோன் விடுவது வேண்டாம். அந்த வீட்டுக்காரர் அரைக் கிலோமீட்டர் தள்ளி வாடகைக்குக் குடியிருப்பார், அன்று அந்தப் பக்கம் வந்தும் இருப்பார். உங்களுக்குக் கடலூரும் நாகப்பட்டினமும் 2004 சுனாமியும் தெரியும். தெரியாதவருக்குச் சொல்வது போல நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 19ஆம் தேதி வாக்கில் வருகிறவர்கள் கண்ணமாலியில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். புனித சூசையப்பர் திருநாளன்று அந்தோணியார் கோயிலில் வந்தவர்க்கெல்லாம் ஊட்டு நேர்ச்சைச் சோறு. சாதி மதம் கேட்கமாட்டார்கள், சைக்கிள் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள்.

செல்லானம் தாண்டிப் பள்ளித்தோட்டில் ஆலப்புழை மாவட்டம் தொடங்குகிறது. சாலை இன்னும் ஒடுங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே வீடும் தென்னையும் சிலுவைக் குரிசடியும். தனியார் பஸ்கள் இந்தச் சாலையைத் தங்கள் தாத்தா சொத்தாகவே நினைத்து ஓட்டும். எதிரே வந்தால் ஓரமாக இறங்கி நில்லுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். நாய் துரத்தினால் வேகம் காட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், அதற்கே அலுத்துவிடும். அந்தகாரநழியில் காயல் கடலோடு சேரும் பொழி வாய், அதன்மேல் ஷட்டர் வைத்த பாலங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று வடமேற்கிலிருந்து எழும்பித் தெற்கே போகிறவரின் முதுகைத் தள்ளும். அதனால்தான் ஆலப்புழையிலிருந்து கொச்சிக்கு வராமல் கொச்சியிலிருந்து ஆலப்புழைக்குப் போகச் சொல்கிறேன். காலையில் இரண்டு மணி நேரம் வீணாகிவிட்டதே என்று பதற வேண்டாம், காற்று ஈடுகட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் நடத்தும் கடை எங்கே என்று கேளுங்கள். மோட்டா அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன் கறி, ஒரு தோரன். கள்ளுக்கடையில் கப்பையும் மீனும் இதைவிட ருசி என்பார்கள், உண்மைதான். கள்ளை மட்டும் ஆலப்புழை போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மணி வெயிலில் உப்புப் போட்ட சோடா நாரங்கா வெள்ளத்தை, அதாவது எலுமிச்சைச் சோடாவை, விடப் பெரிய மருந்து உங்கள் எலக்ட்ரோலைட் பொட்டலத்தில் இல்லை.

அர்த்துங்கல் பசிலிக்காவில் சற்று உட்காருங்கள். ஜனவரி 20 செபஸ்தியார் திருநாள். சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்பமார் பலர் இங்கே வந்து கும்பிட்டு மாலையைக் கழற்றுவார்கள். அர்த்துங்கல் வெளுத்தச்சன் என்று இங்கே அழைக்கப்படும் செபஸ்தியாரும் ஐயப்பனும் நண்பர்கள் என்பது இந்தக் கரையின் நம்பிக்கை. கறுப்பு வேட்டியும் மெழுகுவர்த்தியும் ஒரே முற்றத்தில் நிற்பதைப் பார்க்க ஜனவரியில் வாருங்கள். அதற்குத் தெற்கே மாராரிக்குளம் வரை வீட்டுக்கு வீடு கயிற்றுத் தொழில். 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் தொடங்கிய கயிற்று விரிப்புத் தொழிற்சாலைதான் இதற்கெல்லாம் தொடக்கம். இன்று தறிச் சத்தம் குறைந்துவிட்டது. வெளிநாட்டு விருந்தினர் தங்கும் மாராரிக் கடற்கரை விடுதிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பெண்கள் தனியாக இப்படிப் போகலாமா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் ஆணாகத்தான் இருப்பார். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. கல் குவாரிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் ஒரு பிள்ளையையும் உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஆஷா மால்வியா 2022 நவம்பரில் போபாலிலிருந்து தனியே கிளம்பி, கேரளமும் தமிழ்நாடும் உள்பட நாட்டைச் சுற்றிவந்தார். ஆகவே போகலாமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துபோன ஒன்று. கேட்க வேண்டியது கழிப்பறை எங்கே என்பதுதான். இந்தக் கடலோரச் சாலையில் பெட்ரோல் பங்க் அரிது. கோயில்களின் பாரிஷ் ஹாலில் கேட்டால் திறந்துவிடுவார்கள், வீடுகளில் கேட்டாலும் மறுக்கமாட்டார்கள். இருட்டுமுன் ஆலப்புழை சேர்ந்துவிடுங்கள். இது ஆண்களுக்கும் சேர்த்துச் சொன்னது, ஏனென்றால் தெருவிளக்கையும் அந்த பஸ்களையும் நம்பி ஓட்ட முடியாது.

ஆலப்புழையில் 1862இல் ஏற்றிய கலங்கரை விளக்கமும் கடலுக்குள் எலும்பாக நிற்கும் பழைய பாலமும் உங்களை வரவேற்கும். படகுவீட்டுத் தரகர்களும் வரவேற்பார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. மலையாள எழுத்தாளர் தகழி 1947இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’ இந்த ஊர்க் கதை. அதில் வரும் இசக்கிமுத்துவும் சுடலைமுத்துவும் இந்த ஆலப்புழைத் தெருக்களில் மலம் அள்ளிய தமிழர்கள். சுந்தர ராமசாமி அதைத் தமிழில் கொடுத்திருக்கிறார். காலையில் வேளியில் பார்த்த வெளுப்பவர்களும் தமிழர்கள், இந்த நாவலின் மனிதர்களும் தமிழர்கள். இந்தக் கடற்கரையின் அழுக்கை நம்மவர்கள்தான் தலைமுறை தலைமுறையாக எடுத்திருக்கிறார்கள். இன்று அந்த இடத்தில் வங்காளத்துப் பையன் நிற்கிறான், அவனும் ஒரு சைக்கிள் வைத்திருக்கிறான். நெடுஞ்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவருக்கு இதில் ஒன்றும் கண்ணில் படாது. அதனால்தான் ஒரு நாள் கேட்கிறேன்.

ராத்திரி விடுதியில் படுக்குமுன் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். கடல் உப்பு ஒரே இரவில் துருவேற்றிவிடும்.

குழுத் தலைவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இந்த வழிக்கு நல்ல காலம். ஜூன், ஜூலையில் வேண்டாம். அந்தச் சாலை அப்போது ஊர்க்காரர்களுக்கே போதாது. அடுத்த பயணத்தின் அட்டவணை போடும்போது கொச்சிக்கும் ஆலப்புழைக்கும் நடுவே ஒரு நாளை எதுவும் எழுதாமல் விடுங்கள். ஒவ்வொருவரையும் சற்று இடைவெளி விட்டு அனுப்புங்கள், நேரம் குறிக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு ஆலப்புழையில் எல்லாரும் கூடிச் சாப்பிடுங்கள். பள்ளுருத்தி தாண்டி வழி தடுமாறினால் பெரும்படப்பு என்று கேட்டால் போதும், யாரும் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் ஒரு சைக்கிள்காரன்